பூனைப் பிரியர்களும் வம்பர்களும்

1993இல் இணையம் நம் வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூஸ்நெட் என்றொரு ஏற்பாடு பத்தாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. கணினிக்குக் கணினி செய்தி கடத்தும் அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு குழு உண்டு. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று இருந்தது. அருவருப்பான நகைச்சுவைக்கென்றே இன்னொன்றும் இருந்தது.

அந்த ஆண்டு இரண்டாவது குழுவைச் சேர்ந்தவர்கள் பூனைக் குழுவுக்குள் புகுந்தார்கள். ஒருவர் அப்பாவிபோல, என் பூனைக்கு இப்படியொரு தொல்லை, என்ன செய்யலாம் என்று கேட்பார். இரக்கப்பட்டுச் சிலர் பதில் எழுதுவார்கள். பின்னாலேயே கூட்டாளிகள் வந்து, பூனையைக் கொடூரமாக நடத்த யோசனை சொல்வார்கள். பூனைப் பிரியர்கள் கொதித்தார்கள், திட்டினார்கள். திட்டத் திட்ட வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். அதற்காகத்தானே வந்தார்கள்!

அன்றைய யூஸ்நெட்டில் பெரும்பாலான குழுக்களுக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் கிடையாது. செய்தி வாசிக்கும் மென்பொருளில் ‘கில் ஃபைல்’ என்றொரு வசதி இருந்தது. பிடிக்காதவர் பெயரை அதில் எழுதிவைத்தால் அவர் எழுதுவது உங்கள் திரைக்கு வராது. உங்கள் திரைக்கு மட்டும்தான். நேற்றுச் சேர்ந்தவர் திரையில் எல்லாம் வரும். அவர் பதறிப்போய்ப் பதில் எழுத, கூத்து முதலிலிருந்து தொடங்கும்.

பொழுதுபோக்காகக் கூடுகிறவர்களில் இந்தச் சிக்கலை எனக்குத் தெரிந்தவரை மிக நன்றாகக் கையாண்டது விக்கிப்பீடியா. கலைக்களஞ்சியத்தைப் பொழுதுபோக்கு என்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அதில் எழுதுபவர்கள் அநேகமாக எல்லாரும் சம்பளமில்லாமல், வேலை முடிந்த பிறகு, ஆசைக்காக எழுதுபவர்கள். ஆங்கிலத்தில் 2001இலும் தமிழில் 2003இலும் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்துவைத்தால் வம்பர் வராமல் இருப்பாரா?

வந்தார்கள். கெடுப்பதைவிடச் சரிசெய்வதைச் சுலபமாக்கிவைத்ததுதான் விக்கிப்பீடியாவின் சாமர்த்தியம். ஒரு பக்கத்தின் பழைய வடிவங்கள் எல்லாம் அப்படியே சேமிப்பில் இருக்கும். வம்பர் கால் மணி நேரம் உட்கார்ந்து கட்டுரையைச் சிதைத்தாலும் ஒரே சொடுக்கில் மீளமைத்துவிடலாம். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தன்னார்வலர்கள் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் குளூபாட் என்ற தானியங்கி, வெளிப்படையான விசமத்தைச் சில நொடிகளிலேயே நீக்கிவிடுகிறது. எந்திரத்தோடு சண்டை போடுவதில் என்ன சுகம் இருக்கிறது?

ஆனால் இந்த அமைதி முதல் நாளே வந்துவிடவில்லை. 2004 வாக்கில் ஒரு விசமி, கட்டுரைகளின் தலைப்போடு ‘ஆன் வீல்ஸ்’ என்று சேர்த்துச் சேர்த்துப் பக்கங்களை இடம் மாற்றினார். விக்கிப்பீடியர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்து, அவருடைய கணக்குகளையெல்லாம் பட்டியல் போட்டு வைத்தார்கள். விசாரணைக்குப் பயன்படும் என்ற நல்லெண்ணம்தான். வம்பருக்கோ அது கல்வெட்டு! அவரைப் பார்த்துப் போலிகளும் கிளம்பினார்கள். வம்பருக்கு அங்கீகாரம் கொடுக்காதே, நீக்கு, தடை செய், பேசாதே என்ற எண்ணம் அங்கே வலுத்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம். இன்று அங்கே புதிய கணக்கு தொடங்குபவர் நான்கு நாள் கடந்து, பத்துத் திருத்தங்களும் செய்த பிறகுதான் ஒரு பக்கத்தின் தலைப்பை மாற்ற முடியும். வம்பருக்குப் பொறுமை இருப்பதில்லை.

பேசாமல் இருப்பதே எப்போதும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஜான் சைகந்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளர், ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தவர். 2005 மே மாதம் யாரோ ஒருவர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் இவருக்குத் தொடர்பிருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்று விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். உடன் வேலை பார்ப்பவரிடம் காட்டிச் சிரிக்கச் செய்த விளையாட்டாம். அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தது. சைகந்தாலர் அதைப் பற்றி நாளிதழில் எழுதிய பிறகுதான், கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்ற விதி வந்தது. ஒரு மனிதரின் பெயர் கெடும்போது, கண்டுகொள்ளாமல் விட்டால் ஓய்ந்துவிடும் என்று இருப்பது கோழைத்தனம்.

கெட்ட வார்த்தை எழுதுபவரைச் சமாளிப்பது உண்மையில் எளிது. மரியாதையாகப் பேசிக்கொண்டே விடாப்பிடியாக நிற்பவர்தான் தலைவலி. தன் சாதியின் பெருமையை எழுதவந்தவரை வம்பர் என்று தள்ளிவிட முடியாது. தான் எழுதுவதை அவர் மனமார நம்புகிறார். நீங்கள் நீக்க அவர் சேர்க்க, இரவெல்லாம் நடக்கும். அதனால்தான் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. சொல்வது சரியா தவறா என்ற பேச்சே இல்லை, நான்காவது முறை கை வைத்தால் யாராக இருந்தாலும் தடை விழலாம். இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரைகளுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனியாகவே கடுமையான விதிகள் இருக்கின்றன. நாம் ஈட்டிய பெருமை அது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகக் கூடிப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். நல்ல பெயர். மரத்தடியில் உட்கார்ந்தாலும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: இதற்குச் சான்று எங்கே?

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அங்கே நிருவாகி யாரையாவது தடை செய்தால், யார் தடை செய்தார், எப்போது, ஏன் என்பதெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். தடைபட்டவர் பெரும்பாலும் தன் பேச்சுப் பக்கத்தில் முறையிடலாம். அதைத் தீர்ப்பது தடை செய்தவர் அல்ல, இன்னொரு நிருவாகி.

நம் மாடித்தோட்டக் குழுவையும் பழைய பாட்டுக் குழுவையும் நினைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அடுத்தவர் போட்டதை அட்மின் நீக்கலாம் என்ற வசதி 2022இல் வந்தது. யார் நீக்கினார் என்றும் திரையில் காட்டும். ஏன் நீக்கினார் என்பதை அவரே சொன்னால்தான் உண்டு. கத்தரிச் செடிக்கு என்ன உரம் என்ற பேச்சில் அரசியல் வசை வந்து விழுந்தால், குழுவில் நூறு பேர் முன்னால் வாதாடாமல் அதை நீக்கிவிட்டு, போட்டவரைத் தனியாகத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் சொல்லிவிடலாம். அட்மின் குறைந்தது இருவராக இருக்கட்டும். ஒருவர் வெளியேற்றினால், போனவர் மற்றவரிடம் சென்று கேட்கலாம் அல்லவா?