கணக்கில் வராத கோல்

பில் ஷாங்க்லி என்றதும் லிவர்பூல் கிளப்பைத் தூக்கி நிறுத்திய மேனேஜர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவர் பந்து உதைத்த காலம் பேச்சிலேயே அடிபடுவதில்லை. அதில் ஏழு ஆண்டுகளை இரண்டாம் உலகப் போர் விழுங்கிவிட்டது.

ஸ்காட்லாந்தில் க்ளென்பக் என்றொரு குட்டிச் சுரங்க ஊர். அங்கே அண்ணன் தம்பிகள் ஐந்து பேர், ஐவருமே தொழில்முறைக் கால்பந்து வீரர்கள். அவர்களில் கடைக்குட்டி பில். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1932இல் இங்கிலாந்தின் கார்லைல் அணிக்குப் போனார். மறு வருடமே பிரெஸ்டன் நார்த் எண்ட்.

1938இல் எல்லாம் கூடிவந்தது. ஏப்ரலில் வெம்பிளியில் இங்கிலாந்தை 1-0 என வென்ற ஸ்காட்லாந்து அணியில் அவருக்கு முதல் வாய்ப்பு. மூன்றே வாரத்தில் அதே மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே ஹடர்ஸ்ஃபீல்டு. கூடுதல் நேரமும் முடியப்போகிறது, இன்னும் கோல் விழவில்லை. கடைசி நிமிடத்தில் பிரெஸ்டனுக்கு ஒரு பெனால்டி! ஜார்ஜ் மட்ச் உதைத்த பந்து மேல்கம்பத்தில் இடித்து உள்ளே விழுந்தது. கோப்பை பிரெஸ்டனுக்கு.

1939 செப்டம்பர் 2, சனிக்கிழமை. ஷாங்க்லிக்கு 26 வயது நிறைந்தது. மறுநாள் பிரிட்டன் போரை அறிவித்தது. லீக் நின்றது. அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய மூன்று சுற்று ஆட்டங்களும் கணக்கிலிருந்தே அடிக்கப்பட்டன. நடந்த ஆட்டத்தை நடக்காததாக எழுதிவைப்பது என்ன நியாயமோ!

ஷாங்க்லி விமானப்படையில் சேர்ந்தார். பந்தை விடவில்லை. முகாம் எங்கேயோ, அதற்குப் பக்கத்து அணிக்கு விருந்தாளியாக ஆடலாம் என்பது அன்றைய ஏற்பாடு. அப்படித்தான் நார்விச், லூட்டன், பார்ட்டிக் திசில் என்று ஊர் ஊராக ஆடினார். 1941இல் போர்க்காலக் கோப்பையை வென்ற பிரெஸ்டன் அணியிலும் இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற டாம் ஃபின்னியும் இளைஞராக அதில் உண்டு.

ஸ்காட்லாந்துக்காக அவர் அடித்தது ஒரே கோல். 1942இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில், இங்கிலாந்தை 5-4 என வீழ்த்திய ஆட்டத்தில். ஆனால் போர்க்காலச் சர்வதேச ஆட்டங்களைப் பதிவேடு ஏற்பதில்லை. அப்படி ஏழு ஆட்டங்கள் போக, அவர் பெயரில் நிற்பவை ஐந்து. கோல் பூஜ்யம்.

லீக் மீண்டும் தொடங்கியது 1946 ஆகஸ்ட் 31இல். ஷாங்க்லிக்கு 33 நிறைய இரண்டே நாள். ஓடி ஆடும் ஹாஃப்பேக்குக்கு அது இறங்குமுக வயது. 1949இல் ஆட்டத்தை விட்டு, கார்லைலுக்கு மேனேஜராகத் திரும்பினார். பத்தாண்டு கழித்து, 1959 டிசம்பரில், லிவர்பூல் அழைத்தது.

லிவர்பூல் சட்டையை அவர் முன்பே ஒருமுறை போட்டிருக்கிறார். 1942 மே மாதம், ஆன்ஃபீல்டில், எவர்ட்டனுக்கு எதிராக விருந்தாளி ஆட்டம். லிவர்பூல் 4-1 என வென்றது. போர்க்கால ஆட்டம் என்பதால் அதுவும் அதிகாரப்பூர்வக் கணக்கில் கிடையாது.