அழிப்பதும் கணக்கில் சேர்த்திதான்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கியவர்களைப் பாராட்டப் பலர் இருக்கிறார்கள். வாங்காதவர்களோடு நான் இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

சென்ற விடுமுறையில் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சுடோகு புத்தகம் வாங்கினேன். மொத்தம் 81 கட்டங்கள். குறுக்கே ஒவ்வொரு வரிசையிலும், நெடுக்கே ஒவ்வொரு வரிசையிலும், 9 கட்டம் கொண்ட ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறைதான் வரவேண்டும். பஸ்ஸில் வரும்போது போட்டுப் போட்டு அழித்ததில் தாளே கிழிந்துவிட்டது, போங்கள்!

இதே புதிரை அவிழ்க்கப் பொழுதுபோக்காகக் கணினி நிரல் எழுதினார் ஒருவர். யார் தெரியுமா? 2004 முதல் 2024 வரை சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த திரு. லீ சியன் லூங்! கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, கணினியியலில் பட்டயமும் பெற்றவர். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய அந்த நிரலை 2015 மே மாதம் ஊரறிய வெளியிட்டார்.

அது என்ன செய்கிறது? எந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய எண்கள் மிகக் குறைவோ, அதை முதலில் எடுக்கும். ஓர் எண்ணை வைத்துப் பார்க்கும். மேலே போக வழியில்லையா? வந்த வழியே திரும்பி, அதை எடுத்துவிட்டு, வேறோர் எண்ணை வைக்கும். கடைசியில் விடையோடு, தேடுவதற்கு எத்தனை அடி வைத்தது என்ற கணக்கையும் காட்டும். தப்பான அடிகளும் அதில் சேர்த்திதான்!

இதை அறிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் வகுப்பில் ஒரு பையன் கணக்கை அழித்து அழித்துப் போடுவான். "நோட்டைக் குப்பையாக்காதே!" என்று ஒருநாள் அதட்டினேன். அன்றிலிருந்து அவன் அழிப்பதில்லை, எழுதுவதும் இல்லை. அந்தத் தாளை வெறுமையாக்கியது நான்தான்.

போன வாரம் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, சார்தான் தப்புப் பண்ணிட்டேன். நீ தாராளமா அழிச்சு எழுது" என்றேன். இப்போது அரைப் பக்கம் எழுதியிருக்கிறான். விடை இன்னும் வரவில்லை. வரட்டும்.

மாணவர்களே, தம் நிரலில் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று பிரதமரே ஊரைக் கேட்டுக்கொண்டார். நாடாண்டவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

பெற்றோர்களே, பிள்ளையின் அழிப்பான் சீக்கிரம் தேய்ந்துபோனால் ஏசாதீர்கள். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.