கையழுத்தமும் விஞ்ஞானமும்

நோவுற்ற தசையைக் கையால் அழுத்திப் பிடித்துவிடுதல் மிகப் பழைய மருத்துவ முறைகளுள் ஒன்றாகும். அதனாற் சுகங்கண்டோர் பலர். ஆயினும், அச்சுகத்தைத் தந்தது யாது? கையின் அழுத்தமா? வைத்தியர்மீது நோயாளி வைத்த நம்பிக்கையா? அன்றி, நாட்செல்லத் தானே ஆறும் உடலின் இயல்பா? மனிதரிடத்து இம்மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. மேலும், ஒரே கை இன்று அழுத்திய அளவில் நாளை அழுத்துவதில்லை.

இப்பின்னலை அவிழ்க்கவே ஆராய்ச்சியாளர் விலங்குகளை நாடினர். சுண்டெலிக்கு வைத்தியர்மீது நம்பிக்கையுமில்லை, ஐயமுமில்லை. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்லதோர் உதாரணமாகும். சுண்டெலிகளின் பின்னங்கால்களிற் காயமுற்ற தசைகளை, மென்மையான முனை பொருந்திய யந்திரமொன்றால் இரண்டு வாரகாலம் முறையாக அழுத்தி வந்தனர். அழுத்தும் விசையை யந்திரமே அளந்தது. அழுத்தம் பெறாத தசைகளைக் காட்டிலும் அழுத்தம் பெற்றவை செம்மையாகத் தேறின. அவற்றின் இழைகளும் பருத்திருந்தன.

இதன் காரணமும் ஆராயப்பட்டது. காயம்பட்ட இடத்துக்கு நியூத்திரோபில் எனப்படும் வெண்குருதியணுக்கள் விரைந்து வருகின்றன. சிதைந்தவற்றை அகற்றுவது அவற்றின் தொழில். தொடக்கத்தில் அவை துணைவர். தொழில் முடிந்த பின்னும் தங்குமாயின், புதிய தசையணுக்கள் முதிர்வதற்கு அவையே தடையாகின்றன. அழுத்தம் பெற்ற தசைகளில் மூன்றாம் நாளிலேயே அவ்வணுக்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் குறைந்திருந்தன. இவ்விளக்கம் சரிதானா என்றறிய, வேறு சில எலிகளில் அழுத்தமின்றியே மூன்றாம் நாளில் அவ்வணுக்களை அகற்றிப் பார்த்தனர். அங்கும் இழைகள் பருத்தன.

எனவே, அழுத்தம் மனத்துக்கு ஆறுதல் தருவதோடு நில்லாது, தசைக்குள்ளும் தொழிற்படுகிறது என்பது புலனாகிறது. அதன் காலமும் அளவும் முக்கியமானவை என்பதும் விளங்குகிறது.

எனினும், சுண்டெலியின் சிறுகால் மனிதனின் தொடையாகாது. மெல்லிய தசைக்கு ஏற்ற விசை தடித்த தசையின் ஆழத்தை எட்டுமோ என்பது தனியே சோதிக்கப்படவேண்டியது. வாயற்ற உயிரைக் காயப்படுத்திப் பெறும் அறிவு இது. ஆதலால் இதனை மிகைப்படுத்திக் கூறுதலும் தவறு, பயன்படுத்தாது விடுதலும் தவறு.

நோயாளியின் முகம் பார்த்து, அவன் நோவறிந்து தொடும் கைக்கு யந்திரம் ஈடாகாது. ஆனால், எப்போது தொடவேண்டும், எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை அக்கைக்கு அறிவிக்க அளவுகோல் ஒன்று வேண்டும். அதனைத் தருவதே இவ்வாராய்ச்சிகளின் நோக்கமாகும்.