வேர்முடிச்சும் செண்டுமல்லியும்

(மேனாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விவசாயத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். சாதித்ததைப் பேசச் சொன்னார்கள். தோற்ற கதையைச் சொல்கிறேன்; மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

உடுமலைப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டம். மத்தியானத்தில் செடி வாடும், சாயங்காலம் நிமிரும். "தண்ணி பத்தலைங்க சார்" என்றார் தோட்டக்காரர். ஒரு செடியைப் பெயர்த்து வேரைக் கழுவிக் காட்டினேன். மணி கோத்த மாதிரி முண்டும் முடிச்சும். வேர்முடிச்சு நூற்புழு! ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார்.

அவர் குருணை மருந்து கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. நூற்புழுவுக்கென்று தயாரித்த டி.பி.சி.பி. மருந்தால் கலிபோர்னியாவில் ஆலைத் தொழிலாளர்கள் மலடானது 1977-ல் தெரியவந்ததை வகுப்பில் கேட்டவர்களாயிற்றே நாம். "தக்காளி வரிசைக்கு நடுவில் செண்டுமல்லி வையுங்கள், அதன் வேரிலேயே புழுவைக் கொல்லும் சரக்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனால், பூ ஜம்மென்று பூத்திருந்தது. தக்காளி காய்ந்து கிடந்தது. "நீங்க சொன்னீங்கன்னு தானுங்க வெச்சேன்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

தப்பு என்னுடையது. ஆல்பா டெர்தைனைல் என்ற அந்தச் சரக்கு முக்கியமாக உயிருள்ள வேரில்தான் வேலை செய்கிறது. செண்டுமல்லி வேருக்குள் நுழைந்த புழு வளராமல் சாகும், சரி. பக்கத்திலேயே தக்காளி வேர் விருந்து வைத்திருந்தால் அங்கேயும் போகாதா? பயிருக்கு முன்னாலேயே, அதே நிலத்தில், செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். களையும் கூடாது, பல களைகள் புழுவுக்குச் சத்திரம். காய்ந்த செடியை உழுது போட்டால் அந்தப் பலன் வராது.

அடுத்த ஆடியில் அப்படியே நட்டோம். பூ ஆயுத பூஜைச் சந்தைக்குப் போனது. நாற்றங்காலில் வேப்பம் புண்ணாக்கைப் பொடித்துப் போட்டு, நனைத்து, இரண்டு வாரம் மட்கவிட்டு விதைத்தோம். உடனே விதைத்தால் முளை கெடும். பிறகு நட்ட தக்காளியில் முடிச்சு அடியோடு ஒழியவில்லை. ஆனால் மத்தியானத்திலும் செடி நிமிர்ந்து நின்றது.

ஒரு சங்கடம். புழுவை அடக்குவதில் பேர்போனது குட்டைப் பிரெஞ்சு ரகம். சந்தை கேட்பதோ பெரிய பூ ஆப்பிரிக்க ரகம். அவர் நட்டது ஆப்பிரிக்கம். முதல் போகத்தை என்னால் இழந்தவரிடம் பூ வருமானத்தையும் விடச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த முதல் தக்காளி வேரை ஃபார்மலினில் போட்டு வைத்திருந்தேன். வாசல் மேசையில் இருக்கிறது. மாணவர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.