நின்ற நாளுக்குக் கணக்கு எங்கே?

(பெங்களூரில் நமது சங்கத்தின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



அரசாங்கத்தின் சாலை வண்டிகளையும் இயந்திரங்களையும் பற்றிப் பேசு என்று தலைவர் சொன்னபோது நான் தயங்கினேன். நான் ரயில்வே குமாஸ்தா. மெட்ரிக் வரை படித்தவன். இஞ்சினியர் பேச வேண்டிய விஷயத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "உன் மாமா ரோடு இஞ்சின் ஓட்டினவர்தானே, அதைச் சொல்லு போதும்" என்றார். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயாரின் அண்ணன் அரூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கதையும் அதுதான். முதலில் ஜல்லிக் கூடை சுமந்தார். பிறகு ரோடு இஞ்சினுக்குக் கிளீனர். பிறகு அதற்கே டிரைவர். ஒரு அரசுத் துறையில்தான் வேலை, ஆனால் தினக்கூலி. மழை பெய்தால் கூலி இல்லை. காலையில் போனதும் இஞ்சினைச் சுற்றி ஒரு வலம் வருவார். ஆயில் பார்ப்பார், தண்ணீர் ஊற்றுவார், ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் வைப்பார். அதற்கப்புறம்தான் டீ. கோயிலுக்குப் போகாத மனிதர், அந்த வலம் மட்டும் தவறியதில்லை.

அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு உச்சநீதிமன்றமே சாட்சி. தார்வாட் மாவட்டப் பொதுப்பணித் துறைத் தினக்கூலி ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில் 1990 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கர்நாடக அரசு தினக்கூலியாக வைத்திருந்த சுமார் 50,000 பேரின் தலைவிதி அதில் இருந்தது. 1989 முடிவுக்குள் பத்து வருஷம் வேலை செய்தவர்களில் 18,600 பேரை உடனே நிரந்தரமாக்கு என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் கன்னடத் தோழர்கள். பலன் அடைந்தவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பேசப்போவது தமிழன், கன்னடன் என்ற பிரச்சினை அல்ல. அப்படித் திருப்பிவிட யாராவது முயன்றால் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மாமா நிரந்தரமானார். ஆனால் அவர் ஓட்டிய இஞ்சின் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் டீசல் பம்பு கோளாறு ஆகி நின்றது. ஜே.சி. ரோட்டில் அரை நாள் அலைந்தால் கிடைக்கக்கூடிய சாமான். இவர் எழுதிக் கொடுத்தார். ஓவர்சியர் எழுதினார். மேலே போனது. மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கு என்று கீழே வந்தது. வாங்கி அனுப்பினார்கள். அதற்குள் மார்ச் முடிந்து, அந்த வருஷத்துப் பணம் திரும்பிப் போய்விட்டது. புது வருஷத்தில் கோப்பு மறுபடியும் முதலிலிருந்து. ரோடு வேலை நிற்குமா? வாடகைக்கு ஒரு ரோலர் வந்தது. அந்த வாடகைக்கு மட்டும் பில் ஒரு மாதம்கூடத் தாமதமாகவில்லை. அரசாங்க ரோலர் ஆபீசுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றது. முதலில் பாட்டரி போனது. பிறகு ரேடியேட்டர். பிறகு சீட்டில் கோழி முட்டையிட்டது. கடைசியில் கண்டம் என்று எழுதி, ஏலம் விட்டு, காயலான் கடைக்குப் போனது. மாமாவை ஆபீசில் தபால் எடுத்துப் போகிற வேலையில் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் மனிதர் குறைந்துவிட்டார்.

எந்த அதிகாரி தவறு என்று கேட்காதீர்கள். அவரவர் விதிப்படிதான் கையெழுத்துப் போட்டார்கள். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வாடகை ரோலர் ஒரு நாள் நின்றால் அதன் சொந்தக்காரனுக்கு வயிறு எரியும். அன்றைய வாடகை போயிற்று, வங்கித் தவணை மட்டும் போகவில்லை. ஆகவே ராத்திரியோடு ராத்திரியாக மெக்கானிக்கைப் பிடித்து ஓட வைப்பான். அரசாங்க ரோலர் ஒரு வருஷம் நின்றால் யாருடைய பேரேட்டிலும் ஒரு பைசா நஷ்டம் ஏறாது. டீசலுக்குக் கணக்கு உண்டு, ஆயிலுக்கு உண்டு, டிரைவர் படிக்கு உண்டு. நின்ற நாளுக்குக் கணக்கு இல்லை. இதுதான் தோழர்களே, நோயின் வேர். "தனியார் என்றால் ஓடுகிறது, அரசாங்கம் என்றால் துருப்பிடிக்கிறது" என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அதில் பாதி உண்மை. இரும்புக்கு யார் முதலாளி என்று தெரியாது. நிற்பதைக் கணக்கெழுத ஆள் இருக்கிறானா, அதுதான் வித்தியாசம்.

அரசாங்கத்தால் முடியாதா? நான் வேலை செய்வதும் அரசாங்கத்தில்தான். ரயில் பெட்டியின் கோடிச் சுவரைப் பாருங்கள். கடைசியாக எப்போது ஒர்க்‌ஷாப்பில் முழுப் பழுது பார்த்தார்கள், மறுபடியும் எப்போது போக வேண்டும் என்று தேதி எழுதியிருக்கும். தேதி வந்துவிட்டால் பெட்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று யாரும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் கெட்டிக்கிற இயந்திரங்கள் உண்டு. ரோடு இஞ்சினுக்கு அண்ணன் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இஞ்சின் ஓடிய மணியை வைத்துத்தான் கணக்கு. தினப்படி ஒன்று, பிறகு 50 மணிக்கு, 100 மணிக்கு, 200 மணிக்கு, 1,000 மணிக்கு, 2,000 மணிக்கு என்று வரிசை. 6,000 மணிக்கு முழுப் பழுது. எந்த மணிக்கு எதைக் கழற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. ரயில்வேயில் ஊழலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, என்னைச் சிரிக்க வைக்காதீர்கள். ஆனால் இயந்திரம் நின்றால் கேள்வி கேட்கிற பழக்கம் அங்கே இருக்கிறது.

ஒரு ரோலர் நின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். தார்க் கலவை லாரியில் கொதிக்கக் கொதிக்க வருகிறது. அதைப் பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். ரோலர் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மனிதன் நடக்கிற வேகம், அவ்வளவுதான். பாதி உருட்டும்போது இஞ்சின் மக்கர் செய்து நின்றுவிட்டால் கலவை ஆறிவிடும். பிறகு நூறு முறை உருட்டினாலும் அது கெட்டிப்படாது. உள்ளே பொடிப்பொடியாக இடைவெளி நிற்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கும், மேலே பஸ் போகும், தார் பெயரும். பெங்களூர்க் குழிகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதாத மாதம் இல்லை. ஒவ்வொரு குழிக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சாக்கடை இல்லாத ரோடு இருக்கிறது, போட்ட மறுவாரம் குழாய்க்காகத் தோண்டுகிற ரோடு இருக்கிறது. ஆனால் இரண்டு சக்கர வண்டியில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் குழியில் விழும்போது, புளியமரத்தடியில் நின்ற அந்த இஞ்சினும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இப்போது புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், மத்திய, மாநில அரசுகள், மாநகராட்சிகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இவற்றின் வண்டி எதுவானாலும், முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் பதிவு தானாகவே காலாவதி. ராணுவம், சட்டம் ஒழுங்கு ஆகியவற்றுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவை அங்கீகாரம் பெற்ற உடைப்புக் கூடத்துக்குப் போக வேண்டும். புகை கக்குகிற பழைய ஜீப்பை ஒழிப்பது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சாலை இயந்திரம் ஜீப் அல்ல. ஓட்டுவதற்காகச் செய்த வண்டி வேறு, வேலை செய்யும் இடத்துக்குப் போவதற்காக மட்டும் ரோட்டில் ஏறுகிற இயந்திரம் வேறு. மோட்டார் வாகன விதியே கட்டுமான இயந்திரங்களைத் தனியாகத்தான் வகைப்படுத்துகிறது. நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரிக்கும், பதினைந்து வருஷத்தில் பத்து வருஷம் மரத்தடியில் நின்ற ரோலருக்கும் ஒரே ஆயுள் என்றால், ஓடாமல் நின்றதற்கே பரிசு கொடுத்தது போல் ஆகிறது. காலண்டர் வந்து குற்றத்தை அழித்துவிட்டுப் போகிறது. பழசு போன இடத்துக்குப் புதுசு வாங்குவார்களா, வாடகைக்கே எடுப்பார்களா என்பதுதான் நம் கேள்வி.

வாடகை என்றால் என்ன அர்த்தம் என்று தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்த ரோலரோடு ஒரு டிரைவர் வருகிறான். சேலத்துப் பையன், ராய்ச்சூர்ப் பையன், இப்போது பீகார்ப் பையன். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய இடம் கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பும் அந்தப் பொறுப்பை எடுத்துவிடவில்லை. ஆனால் பில்லில் "இயந்திர வாடகை" என்று ஒரே வரி எழுதினால் அந்தப் பையன் எங்கே இருக்கிறான்? ஆளும் இயந்திரத்தின் ஒரு உதிரி பாகம் ஆகிவிடுகிறான். பி.எஃப். கேட்டால் ரோலருக்கு ஏது பி.எஃப். என்பார்கள்.

தமிழ்நாட்டில் அரசு வண்டிகளைப் பழுது பார்க்கவென்றே மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறை என்று ஒன்று உண்டு. மாவட்டங்களில் அதன் தானியங்கிப் பணிமனைகள் இருக்கின்றன. அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனாலும் வண்டி நின்றால் போய்ச் சேர ஒரு கூரை இருக்கிறது. இங்கே பெங்களூரில் நமக்கு வேறொரு பெருமை உண்டு. 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ், அதாவது பெமல், தலைமையிடம் இந்த ஊர்தான். புல்டோசர் கட்டுவது தங்கவயலில். சுரங்கத்தை 2001-இல் மூடியபின் தங்கவயல் தமிழர் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போவதை நான் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன். மண் தள்ளும் இயந்திரத்தைச் செய்யத் தெரிந்த பொதுத்துறை ஆலை பக்கத்திலேயே இருக்கும்போது, அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு வழியில்லை என்றால் யார் நம்புவது? அந்த ஆலையிலும் 26 சதவீதப் பங்கை நிர்வாகத்தோடு சேர்த்து விற்க 2021-இல் விருப்பம் கேட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் அல்ல. லாக் புத்தகத்தை மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற டிரைவர்கள் இருந்தார்கள். இல்லாத வேலையை எழுதி டீசலை வெளியே விட்டவர்களும் இருந்தார்கள். மாமா அவர்களோடு பேசுவதில்லை. "பொய் மணி எழுதினால் மெய்யான ஆயில் எப்போ மாத்தறது?" என்று கேட்பார். 250 மணியில் மாற்ற வேண்டிய ஆயிலைக் கற்பனை மணியில் மாற்றினால் இஞ்சினுக்குத் தெரியாதா? நாம் புத்தகம் கேட்கிறோம் என்றால் உள்ளபடி எழுதுகிற கையும் நம்முடையதாக இருக்க வேண்டும். சங்கத்தில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. வீடு பாகம் பிரிக்கும்போது பரண்மேல் கிடக்கிற அண்டாவும் குண்டாவும் கூட வெளியே வந்து கணக்கில் ஏறும். ஆகவே கேட்க இதுதான் நேரம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, ஐந்து மாநகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் தனித்தனியாக மனுப் போடப் போகிறோம். சொந்தமாக எத்தனை ரோலர், கிரேடர், டிப்பர் இருக்கின்றன, எவை ஓடுகின்றன, நிற்பது எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சாமானுக்காக, அதே காலத்தில் வாடகைக்குக் கொடுத்த தொகை எவ்வளவு, வாடகை இயந்திரத்தோடு வந்த டிரைவர்களுக்குக் கூலிப் பதிவேடு உண்டா. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன், குமாஸ்தா வேலை எனக்குப் புதிதல்ல.

மனு கன்னடத்தில் இருக்கும். கன்னடத் தோழர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், தமிழ் நகல் சங்கத்தில் கிடைக்கும். உங்கள் தெருவில் ரோலர், டிப்பர் ஓட்டுகிறவர்கள் இருந்தால், நிரந்தரமானாலும் வாடகை வண்டியானாலும், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டி வாருங்கள். எந்த ஆபீசுக்குப் பின்னால் எந்த மரத்தடியில் எது நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலை நாமே முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அவர்கள் தருகிற பட்டியலோடு ஒத்துப் பார்ப்போம்.