வழுவும் அதன் சுவடும்



சொல்லில் நேரும் குற்றத்தை நம் இலக்கண நூலார் வழு என்றனர். வழுவேயாயினும், தக்க காரணம் பற்றி அதனை ஏற்றுக்கொள்ளுதலை வழுவமைதி என்றனர். கணினி நிரலில் நேரும் பிழையையும் இன்று வழு என்றே வழங்குகின்றோம். அங்கும் வழுவமைதி உண்டு. அதனால் விளையும் இடரும் உண்டு.

1985ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்தது. பயன்படுத்துவோரே அதனைத் திருத்திக்கொள்ளலாம். அங்கே ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும். அது மூன்றாவதை அழைக்கும். வழு நேர்ந்தால் வழக்கமாக ஒரு வரிச் செய்தியே தோன்றும். 'டிபக்-ஆன்-எரர்' என்னும் அமைப்பை இயக்கிவைத்தால், யார் யாரை அழைத்தார் என்னும் வரிசை முழுவதும் திரையில் விரியும். இதுவே அழைப்புச் சுவடு.

இச்சுவடு சிலவேளை நம்மை ஏமாற்றுவது ஏன்? காரணங்கள் இரண்டு.

முதலாவது, விரைவு கருதி நிரலைத் தொகுத்து வைக்கும்போது அதன் உட்படிகள் சுவடியில் தோன்றாது ஒழிகின்றன. மூல நிரலையே ஏற்றி, வழுவை மீண்டும் நேரச்செய்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

இரண்டாவது காரணமே ஆழமானது. 'கண்டிஷன்-கேஸ்' என்னும் கட்டளை வழுவைத் தாங்கிக்கொள்கிறது. இதுவே நாம் கூறிய வழுவமைதி. ஆனால் அது தன் பணியைத் தொடங்குமுன், இடையில் நின்ற செயற்கூறுகள் யாவும் கலைந்துவிடுகின்றன. பின்னர் அதே வழுவை மீண்டும் எழுப்பினால், எழுப்பிய இடமே சுவடியில் தெரியும். பிறந்த இடம் தெரியாது. வகுப்பில் நேர்ந்த பூசலை, மாணவரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பின்னர் விசாரிப்பது போன்றது இது.

தாங்கிய வழுக்களுக்கும் சுவடு காட்டுமாறு பணிக்க 'டிபக்-ஆன்-சிக்னல்' என்னும் அமைப்பு முன்னரே உண்டு. ஆயினும் அன்றாடம் நேர்ந்து அமைதியாகத் தீரும் சிறு வழுக்களுக்கெல்லாம் அது வேலையை நிறுத்திவிடும். ஆதலின் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த 30.1ஆம் பதிப்பில் 'ஹேண்ட்லர்-பைண்ட்' என்னும் புதிய வழி சேர்க்கப்பட்டது. வழு எழுந்த கணத்திலேயே, எதுவும் கலையுமுன், விசாரணை நடத்த அது இடமளிக்கிறது. சுவடியை அங்கேயே பதிந்துகொண்டு, பின்னர் வழுவமைதிக்கு வழிவிடலாம்.

இது சிறு திருத்தம் என எண்ணற்க. வழுவைக் கண்டவர் ஓரிடத்தில் இருப்பார்; அதைத் திருத்த முன்வருபவர் கடல் கடந்து வேறோரிடத்தில் இருப்பார். இருவருக்கும் இடையே பெரும்பாலும் உள்ள சான்று இச்சுவடு ஒன்றே. அது பொய்த்தால், குற்றமற்ற நிரலைப் பழித்து இருவரும் பல நாள் வீணாக்க நேரிடும். வழுவைப் பொறுத்தல் நன்று. பொறுக்குமுன் அது பிறந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுதல் அதனினும் நன்று.