வேலியோரத்துக் காற்று



எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, உயர்ந்த குழாயின் உச்சியில் எரியும் தீக்கொழுந்து. சுற்றுப்புற மக்களைத் துன்புறுத்தும் நஞ்செல்லாம் அங்கிருந்தே வருகிறது என்று எண்ணுவது இயல்பு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் இன்று நான் சொல்ல வந்த நஞ்சு பெரும்பாலும் தரையோடு தரையாக வருவது. தொட்டிகளின் மிதக்கும் மூடியைச் சுற்றியுள்ள இடுக்கு, ஆயிரக்கணக்கான வால்வுகள், குழாய் இணைப்புகள், பம்புகள், கழிவுநீர்க் குட்டைகள் ஆகியவற்றிலிருந்து ஓசையின்றிக் கசிகிறது. அதன் பெயர் பென்சீன்.

1825-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த இத்திரவம் நிறமற்றது, இனிய மணம் உடையது, எளிதில் ஆவியாவது. கச்சா எண்ணெயில் இயற்கையாகவே கலந்திருக்கிறது. இதை நெடுங்காலம் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட செய்தி. இதில் நம் மூக்கு நமக்குத் துணை செய்வதில்லை. அதிகாரிகள் கவலைகொள்ளத் தொடங்கும் அளவைப் போலப் பலநூறு மடங்கு மிகுந்தால்தான் மணமே தெரியும். ஆகவே அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

விந்தை என்னவென்றால், நெடுங்காலம் இதை யாரும் பெரும்பாலும் அளக்கவில்லை, கணக்கிட்டார்கள். ஒரு வால்வு இவ்வளவு கசியும், ஒரு தொட்டி இவ்வளவு கசியும் என்று அட்டவணை உண்டு. எண்ணிக்கையால் பெருக்கினால் ஆண்டுக் கசிவு கிடைத்துவிடும். துருப்பிடித்த வால்வும் புதிய வால்வும் அட்டவணையில் ஒன்றே! காகிதத்தில் கசிந்ததற்கும் காற்றில் கசிந்ததற்கும் உள்ள தூரத்தை, வேலிக்கு வெளியே குடியிருப்பவர் தம் உடம்பால்தான் அறிந்தனர்.

அவர்களே அளக்கத் தொடங்கிய கதை சுவையானது. 1994-இல் கலிபோர்னியாவில் ரோடியோ என்னும் ஊரிலுள்ள ஆலையிலிருந்து பதினாறு நாட்கள் ரசாயனம் கசிந்தது. அடுத்த ஆண்டில் எட்வர்டு மேஸ்ரி என்ற வழக்கறிஞர், சாதாரண மக்கள் கையாளக்கூடிய ஒரு கருவியைச் செய்யும்படி பொறியாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் செய்தது ஒரு பிளாஸ்டிக் வாளி! அதனுள் ஒரு பை. வாளியின் காற்றை வெளியே இழுத்தால், வெளிக்காற்று பைக்குள் புகும். சில நிமிடங்களில் பை நிறைந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். லூசியானா மாநிலத்து நார்கோவில், ஒரு பக்கம் ரசாயன ஆலையும் மறுபக்கம் சுத்திகரிப்பு ஆலையுமாக நடுவே சிக்கியிருந்த டயமண்ட் என்னும் குடியிருப்பு மக்கள், மார்ஜி ரிச்சர்டு அம்மையாரின் தலைமையில் இவ்வாளியை ஏந்தினர். 2002-இல் ஷெல் நிறுவனம் அவர்கள் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள இசைந்தது. 2004-இல் இதே வாளி நம் கடலூர் சிப்காட் வரையில் வந்து சேர்ந்தது. அங்கே எண்ணெய் ஆலை அன்று, ரசாயன ஆலைகள்.

அரசாங்கம் பின்னால் வந்தது. 2015-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு விதி செய்தது. அதன்படி 2018 முதல் ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும் தன் எல்லையைச் சுற்றிப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு இடங்களிலேனும் விரல் நீளக் குழல்களைத் தொங்கவிட வேண்டும். குழலுக்குள் காற்றிலுள்ள பென்சீனைப் பற்றி வைத்துக்கொள்ளும் பொருள் இருக்கும். மின்சாரம் வேண்டாம், பம்பு வேண்டாம். பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை எடுத்துச் சோதிக்கிறார்கள். எல்லாக் குழல்களிலும் மிகுந்த அளவிலிருந்து மிகக் குறைந்த அளவைக் கழிப்பார்கள். சாலையிலிருந்தோ அண்டை ஆலையிலிருந்தோ வந்ததை இவ்வாறு விலக்க முயல்கிறார்கள். ஓராண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணம் கண்டு திருத்த வேண்டும். தாண்டியது மட்டுமே குற்றமாகாது. திருத்தாமல் விடுவதே குற்றம்.

எளிய ஏற்பாடுதான். ஆயினும் அட்டவணைகள் மறைத்ததை அது காட்டியது. 2019 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் பத்து ஆலைகள் எல்லையைத் தாண்டியிருந்தன. ஃபிலடெல்ஃபியா நகரத்து ஆலையின் சராசரி 49! அவ்வாலை அவ்வாண்டு ஜூனில் தீ விபத்துக்கு உள்ளாகி மூடப்பட்டது. இந்த எண்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன என்பதை நான் விதியின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன்.

ஆனால் குழலுக்குப் பொறுமை உண்டு, நாவில்லை. ஒரு நள்ளிரவில் இரண்டு மணி நேரம் பெருங்கசிவு நேர்ந்தால், அது பதினான்கு நாட்களின் சராசரிக்குள் கரைந்துபோகும். அவ்விரவில் ஜன்னலைச் சாத்த வேண்டிய தாய்க்கு, மாதங்கள் கழித்து வரும் எண்ணால் என்ன பயன்? வாளியோ அந்நேரத்தைப் பிடிக்கும். ஆனால் யாராவது விழித்திருந்து அதைத் திறக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இக்குறையை உணர்ந்த கலிபோர்னியா 2017-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2020 முதல் அங்குள்ள ஆலைகள் வேலியோரக் காற்றை உடனுக்குடன் அளந்து மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஒளிக்கற்றையைப் பயன்படுத்துகிறார்கள். வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்லும். வழியில் பென்சீன் இருந்தால் ஒளியின் குறிப்பிட்ட பகுதி விழுங்கப்படும். அதைக்கொண்டு அளவு கணிக்கப்படும். இதற்கும் ஒரு பகை உண்டு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மூடுபனி அடர்ந்து இறங்கும்போது ஒளி மறுமுனையை எட்டுவதில்லை. அந்நேரங்களில் அளவு வரவேண்டிய இடம் வெறுமையாக நிற்கிறது.